பூதக்கண்ணாடி போட்ட கையெழுத்து

எங்கள் லாரி யார்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். உண்மையில் அவரிடம் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. மூக்குக் கண்ணாடியே ஐம்பதைத் தாண்டித்தான் வந்தது. ஆனால் ஒரு காரைச் சுற்றி அவர் நடப்பதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டப்பெயரை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் தங்கள் காரை எங்களிடம் விடுவார்கள். நாங்கள் அதை இரண்டு தட்டு டிரெய்லர் லாரியில் ஏற்றி அனுப்புவோம். ஒரு லாரிக்கு எட்டு கார். போய்ச் சேர ஏழெட்டு நாள் ஆகும். எங்கள் யார்டின் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். கோபக்காரி என்று எனக்குப் பெயர். கோபம் வரவேண்டிய நேரத்தில் வராமல், வரக்கூடாத ஆள்மேல் வந்த கதைதான் இது.

கார் வந்ததும் பூதக்கண்ணாடி முதலில் கேட்பது ஒரு வாளித் தண்ணீர். அழுக்கு வண்டியை அவர் தொடமாட்டார். கழுவித் துடைத்தபின் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சுற்றி வருவார். கண் பார்த்த இடத்தை உள்ளங்கை மறுபடி தடவிப் பார்க்கும். குனிந்து பார்ப்பார், உட்கார்ந்து பார்ப்பார், வெயிலுக்கு எதிரே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒரு வாடிக்கையாளர் பொறுமை இழந்து, "சார், அனுப்பப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

அவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தாற்போல் காரின் படம் அச்சிட்டிருக்கும். எங்கே கீறல் இருக்கிறதோ, எங்கே நசுங்கியிருக்கிறதோ, படத்தில் அந்த இடத்தில் சின்ன வட்டம் போட்டு உள்ளே எண் எழுதுவார். கீழே அந்த எண்ணுக்கு விவரம். கடைசியில் கையெழுத்து. சீட்டில் இரண்டு பிரதி. ஒன்று காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போகும், இன்னொன்று லாரி டிரைவரிடம் போகும். கார் போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறவர் டிரைவர் கையில் இருக்கும் பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, அது திரும்பி என்னிடம் வரும். நான் இரண்டு துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பேன்.

புகார் வந்தால் அந்தச் சீட்டுதான் நீதிபதி. பட்ட அடி சீட்டில் குறித்திருந்தால் அது ஏற்றுவதற்கு முன்பே இருந்தது, எங்கள் பொறுப்பு இல்லை. சீட்டில் இல்லாவிட்டால் அது லாரியில் பட்ட அடி, டிரைவர் பதில் சொல்லவேண்டும். மூன்று புகார் சேர்ந்தால் அந்த டிரைவரை லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள். இவ்வளவும் தொங்கியது பூதக்கண்ணாடியின் கையெழுத்தில். முப்பத்தோரு வருஷம் அதை அவர் காப்பாற்றி வைத்திருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். காரை அனுப்பிவிட்டு, அங்கே போய் வாங்கிப் பார்த்தால் வலது பக்க முன்கதவு உள்வாங்கியிருக்கிறது. அத்தனை தூரம் பஸ் ஏறித் திரும்பி வந்து என் கவுண்டரில் நின்றார். நான் கோப்பைத் திறந்தேன். வலது முன்கதவில் குறி போட்டு, 'பெரிய நசுங்கல்' என்று எழுதி, கீழே பூதக்கண்ணாடியின் கையெழுத்து. டீச்சர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் கதவு பளபளவென்று நன்றாக இருந்தது.

பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டேன். அவருக்கு அந்தக் கார் நினைவில்லை. மாதத்துக்கு நூறு காரைத் தடவுகிறவருக்கு எதை என்று நினைவிருக்கும்? சீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "இந்தப் போட்டோ எப்ப எடுத்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கையெழுத்து இருக்கு. சீட்டு பொய் சொல்லாதும்மா" என்றார். டீச்சர் கண் கலங்கிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிசையில் பின்னால் நின்ற ஆளை, "நீங்க வாங்க சார்" என்று கூப்பிட்டேன். எரிச்சலாகத்தான் கூப்பிட்டேன்.

இப்போது மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். பூதக்கண்ணாடியின் ஒரே தங்கையின் புருஷன். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை டிரெய்லர் ஓட்டப் பழக்கி, மேனேஜரிடம் கெஞ்சி உள்ளே சேர்த்தவர் இவர்தான். அவர் 'மாப்பிள்ளே, மாப்பிள்ளே' என்று கூப்பிட்டதில் யார்டுக்கே அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். வாட்ச்மேன்கூட மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். சிரித்த முகம், தேன் ஒழுகும் பேச்சு. திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பேனாவாவது வாங்கி வந்து நீட்டுவான். முன்பெல்லாம் நானும் 'அவர்', 'இவர்' என்று மரியாதையாகத்தான் பேசினேன். இப்போது வாய் வரவில்லை, மன்னியுங்கள்.

வழியில் சில ஊர்களில் வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே கார் ஏற்றுவதுண்டு. அங்கெல்லாம் பூதக்கண்ணாடி போக முடியாது, டிரைவரே பார்த்துக்கொள்ளவேண்டும். ஆனால் யார்டு சோதனையாளர் கையெழுத்து இல்லாத சீட்டைத் தலைமை அலுவலகம் ஏற்காது. சட்டம் போட்டவர்கள் யாரும் லாரியில் போனவர்கள் இல்லை. மற்ற டிரைவர்கள் அங்கிருந்து போன் போட்டு ஒவ்வொரு கீறலாகச் சொல்வார்கள். இவர் குறுக்கு விசாரணை செய்து, தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த லாரியில் அனுப்பிவைப்பார். மாப்பிள்ளைக்கு மட்டும் அந்த விசாரணை இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்.

"தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதான் அண்ணே" என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்மா. என் தங்கச்சியையே குடுத்திருக்கேன். அஞ்சு சீட்டு குடுக்க மாட்டேனா?" என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆயிரக்கணக்கான காரைத் தடவியவர், சொந்தமாக வைத்திருந்தது ஒரு சைக்கிள். மனைவி சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகளைத் தனியாக வளர்த்து நர்ஸ் படிக்கவைத்தார். அவளுக்கு நாட்டின் அந்தக் கோடியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பஸ் இல்லை என்று அவள் ஒரு நாள் போனில் சொன்னாள், சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். இவர் ஓய்வு பெற ஒன்பது மாதம் இருக்கையில், சேமிப்பையெல்லாம் துடைத்தெடுத்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினார். பழைய கார்தான். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது யார்? நாற்பது காரை வேண்டாம் என்று தள்ளிவிட்டுக் கடைசியில் எடுத்தார்.

"பழசுன்னு சொல்லவே முடியாதும்மா. உடம்புல ஒரு கீறல் கிடையாது" என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு பெருமை. முதல் நாளே பின்சக்கரத்தை இறுக்கும்போது ஸ்பானர் கைதவறி விழுந்து, இடது பின்கதவுக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு வடு. அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

ஏற்றுகிற நாளில் தன் காரையும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுற்றி வந்து, சீட்டில் இடது பின்கதவுக்குக் கீழே வட்டம் போட்டு ஒன்று என்று எழுதினார். 'சிறு வடு, ஸ்பானர் விழுந்தது.' அதோடு சரி, வேறு குறி இல்லை.

"சொந்த வண்டிக்கே குற்றப்பத்திரிகையா அண்ணே?" என்றேன்.

"என் வண்டின்னா வடு இல்லைன்னு ஆயிடுமா?" என்றார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "நம்ம பொண்ணு வண்டி மச்சான், தலைமேல வச்சுக் கொண்டுபோறேன்" என்று மேல்தட்டில் முதல் இடத்தில் ஏற்றினான். லாரி கேட்டைத் தாண்டிப் போகும்வரை இவர் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் மகள் போன் செய்தாள். அவருக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது, அதனால் எனக்கும் கேட்டது.

"வண்டி வந்துடுச்சாம்மா? எப்படி இருக்கு?" என்றார் இவர், முகமெல்லாம் பல்லாக.

"அப்பா, உடம்புல கீறல் கிடையாதுன்னு சொன்னீங்களே. முன்னாடி பம்பர் உடைஞ்சிருக்கு, லைட் போயிருக்கு, பானெட் மடங்கியிருக்கு."

"லாரில அடிபட்டிருக்கும்மா. சீட்டைக் காட்டி எழுதி வாங்கு. நான் மாப்பிள்ளைகிட்டப் பேசறேன்."

"சீட்டுலதாம்பா இருக்கு. எல்லாமே குறிச்சு, கீழ நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." "அடிபட்ட வண்டின்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ஏம்பா என்கிட்டப் போய் மறைச்சீங்க?"

இவர், "படம் எடுத்து அனுப்பும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை மேஜைமேல் வைத்தார்.

படம் வந்தது. கையெழுத்து அவருடையதுதான், அதில் ஐயமே இல்லை. ஆனால் படத்தில் வட்டங்கள் இல்லை. பெருக்கல் குறிகள் இருந்தன, முன்பக்கத்தில் ஐந்து. விவரம் எழுதியிருந்தது மாப்பிள்ளையின் கோணல் எழுத்து. இவர் எழுதிய சீட்டு போய், இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் சீட்டு ஒன்று அந்த இடத்துக்கு வந்திருந்தது. இடது பின்கதவுக்குக் கீழே எதுவுமே இல்லை. பூதக்கண்ணாடி போனைப் பெரிதாக்கி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்த ஒரே வடுவைக் காணோம் பாரு" என்றார் என்னிடம்.

ஒரு வாரம் கழித்து லாரி திரும்பி வந்தது. மாப்பிள்ளை இறங்குவதற்குள் இவர் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன், தடுக்க இல்லை, கேட்கத்தான்.

"கட்டின பெல்ட் ஒண்ணு தளர்ந்துடுச்சு மச்சான். வண்டி முன்னாடி சறுக்கி லாரியோட இரும்புத் தூண்ல மோதிடுச்சு" என்றான் அவன், கிலோமீட்டர் சொல்வதுபோலச் சாதாரணமாக. "எனக்கு ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. இது மூணாவது. இறக்கிடுவாங்க."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? நானே புகார் வேண்டாம்னு விட்டிருப்பேனே. என் பொண்ணுகிட்ட என்னைப் பொய்யனாக்கிட்டியே மாப்பிள்ளே."

"நீங்க விடுவீங்களா? வட்டம் போட்டு நம்பர் எழுதற ஆளு நீங்க. வேற ஆளு வண்டில பட்டிருந்தா கவுண்டர்ல வந்து கத்துவாங்க. நம்ம வண்டின்னா நமக்குள்ளேயே முடிஞ்சுடும். அதனால உங்க வண்டில பட்டதும் எனக்கு ஒரு வகையில நிம்மதிதான்."

நிம்மதி என்றான். என் காதால் கேட்டேன். எனக்கு அங்கே கிடந்த சக்கரக் கட்டையை எடுத்து அவன் மேல் எறியவேண்டும்போல இருந்தது. பூதக்கண்ணாடி கத்தவில்லை. அவன் முகத்தை, காரைப் பார்ப்பதுபோலவே, ஒரு பக்கமிருந்து மறு பக்கம்வரை பார்த்தார்.

"இதுதான் முதல் தடவையா?"

அவன் லாரி டயரைக் காலால் தட்டிக்கொண்டு நின்றான். பிறகு, "வெற்றுச் சீட்டுல கையெழுத்துப் போட்டது யாரு மச்சான்? வெளில தெரிஞ்சா முதல்ல உங்களத்தான் கேப்பாங்க. யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அன்று மத்தியானம் பூதக்கண்ணாடி என் கோப்புகளைக் கேட்டார். மாப்பிள்ளை ஓட்டிய பயணங்களின் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பரப்பினோம். வழியில் ஏற்றிய கார் என்றால் பெருக்கல் குறி இருக்கலாம், அது அவன் எழுதியது. யார்டில் ஏற்றிய கார் என்றால் வட்டம்தான் இருக்கவேண்டும். எது எங்கே ஏற்றியது என்பது என் புக்கிங் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஊர் பேர் வாசிக்க, அவர் குறியைப் பார்த்தார். யார்டில் ஏற்றி, ஆனால் பெருக்கல் குறி போட்ட சீட்டுகளைத் தனியே வைத்தார். மூன்று மத்தியானம் ஆயிற்று. பதினொரு சீட்டு சேர்ந்தது.

அந்தப் பதினொன்றுக்கும் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தது என் கை. வட்டமா பெருக்கலா என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அவருக்கு மாப்பிள்ளைமேல் நம்பிக்கை, எனக்கு அவர்மேல் நம்பிக்கை. ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நன்றாகத் தூங்கியிருக்கிறோம்.

நாலாவது சீட்டு டீச்சருடையது. வலது முன்கதவில் ஒரு பெரிய பெருக்கல் குறி. பூதக்கண்ணாடி அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "அன்னைக்கே இந்தக் குறி என் குறி இல்லைன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். அவருக்கு என்ன ஆறுதல் சொல்ல? நானும் அதைத்தானே பார்த்தேன்.

விஷயம் எப்படியோ வீட்டுக்குப் போய், தங்கை யார்டுக்கே ஓடி வந்தாள். "அண்ணே, பிள்ளைங்க படிக்குதுங்க. எட்டு மாசத்துல நீங்க ஓய்வு வாங்கிட்டுப் போயிடுவீங்க. அதுவரைக்கும் பேசாம இருங்களேன்" என்று அழுதாள். அழுகை வேகத்தில் இன்னொன்றும் சொல்லிவிட்டாள். "அண்ணன் கையெழுத்து இருக்கிற வரைக்கும் நமக்கு ஒரு பயமும் இல்லைன்னு அவர் எப்பவும் பெருமையாத்தான் சொல்லுவாரு."

"எப்பவும்னா எத்தனை வருஷமாம்மா?" என்று கேட்டார் அண்ணன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அவர் தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளை செய்ததைவிட, தங்கைக்கும் அது தெரிந்தே இருந்தது என்பதுதான் அவரை அடித்துப் போட்டது என்று நான் நினைக்கிறேன். கூட இருந்து குழி பறித்தவன் வெளியிலிருந்து வந்தவன், இவள் கூடப் பிறந்தவள்.

மறுநாள் அவர் மேனேஜர் அறைக்குப் பதினொரு சீட்டும் ஒரு கடிதமுமாகப் போனார். 'இந்தச் சீட்டுகளில் கையெழுத்து என்னுடையது. விவரம் என்னுடையது அல்ல. வெற்றுச் சீட்டில் கையெழுத்திட்டது என் குற்றம்' என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழை இல்லாத, சுத்தமான கடிதம். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப சீட்டும் உங்களுதுதான். பதினோரு பேரை நாமளே கூப்பிட்டு எங்ககிட்ட நஷ்டஈடு கேளுங்கன்னு சொல்லச் சொல்றீங்களா? இதை எடுத்துட்டுப் போங்க. நான் பார்க்கல, நீங்க காட்டல."

"இல்லை சார், நான் காட்டிட்டேன்" என்றார் பூதக்கண்ணாடி.

சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. விதியை மீறியதற்காக அந்த மாதத்தோடு அவருக்கு வேலை இல்லை. மாப்பிள்ளையிடம் விளக்கம் கேட்டார்கள், அவன் தேன் ஒழுக ஏதோ சொன்னான். பக்கத்துக் கம்பெனிக்கு மாறி இன்றும் டிரெய்லர்தான் ஓட்டுகிறான். எதிரே பார்த்தால் ஹாரன் அடித்துச் சிரிக்கிறான்.

கடைசி நாள் அவர் வழக்கம்போல வந்தார். பார்க்கக் கார் எதுவும் கொடுக்கவில்லை. என் கவுண்டருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, பதினொரு சீட்டையும் மேஜைமேல் வைத்தார். மகளிடம் ஏற்கெனவே பேசிவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிப்பா" என்றாளாம். "நம்பிட்டாளா அண்ணே?" என்று கேட்டேன். "சரின்னுதான் சொன்னா" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"புக்கிங் புத்தகத்துல நம்பர் இருக்கும். டீச்சருக்கு முதல்ல போடும்மா" என்றார்.

போட்டேன். மணி அடித்து, எடுத்தார்கள். இவர் யார்டின் பெயரைச் சொன்னதுமே அந்தப் பக்கம் புரிந்துவிட்டது.

"சீட்டு பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களே, அவரா?"

"ஆமாம்மா. நான்தான்." எழுந்து நின்றுகொண்டு பேசினார், எதிரில் டீச்சர் இருப்பதுபோல. "சீட்டு பொய்யும்மா. நீங்க சொன்னதுதான் நிஜம். உங்க கதவு நல்லாத்தான் இருந்திருக்கு. எங்க லாரிலதான் அடிபட்டிருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"கார் எப்பவோ போயிடுச்சு சார்" என்றார் டீச்சர். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வண்டி இறக்கினவங்க எங்க வீட்டுக்காரர்கிட்ட அந்தச் சீட்டைக் காட்டினாங்க. நான்தான் எங்கயோ கொண்டுபோய் இடிச்சிட்டு மறைக்கிறேன்னு நினைச்சுட்டாரு. ஒரு கதவுக்காகவா பொய் சொல்லுவேன்னு எவ்வளவோ சொன்னேன். 'அப்ப அந்த மனுஷன் கையெழுத்துப் பொய்யா'ன்னு கேட்டாரு. போன வருஷம் போயிட்டாரு சார். கடைசி வரைக்கும் என்னை நம்பல. அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமே நீங்க."

போன் வைக்கப்பட்டது. பூதக்கண்ணாடி நின்றுகொண்டே இருந்தார். நான் தண்ணீர் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்து, டீச்சரின் சீட்டில் பேனாவை எடுத்து, தன் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். உள்ளே ஒன்று என்று எழுதினார். சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார்.

"அடுத்த நம்பர் போடும்மா" என்றார்.